ஆங்கிலப் பெயரடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகவோ தேர்வுக்காகவோ ஆங்கிலத்தை மறுபடியும் கற்க வரும் பெரியவர்களுக்குப் பாடம் சொல்லும்போது, பெயரடைகளைப் பற்றி ஏறத்தாழ ஒரே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலம் தெரியாததால் வருபவை அல்ல. தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பதால், அதன் அமைப்பை ஆங்கிலத்திலும் எதிர்பார்ப்பதால் வருபவை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெயரடை என்பது பள்ளியில் படித்த 'அட்ஜெக்டிவ்'தானே? ஒரு சொல்லைப் பார்த்தவுடன் அது பெயரடை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதுவேதான். ஓர் ஆளோ பொருளோ இடமோ எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல் பெயரடை. அது 'ஹாட் காபி' என்பதுபோல் பெயருக்கு முன்னும் வரலாம். 'தி காபி இஸ் ஹாட்' என்பதுபோல் வினைக்குப் பின்னும் வரலாம். முன்னால் 'வெரி' சேர்த்துப் பார்ப்பதும், 'ஸீம்ஸ்' என்ற வினைக்குப் பின் வைத்துப் பார்ப்பதும் எளிய சோதனைகள். இரண்டிலும் பொருந்தும் சொல் பெரும்பாலும் பெயரடையாகவே இருக்கும்.

ஆனால் சொல்லை மட்டும் தனியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 'எ ஃபாஸ்ட் டிரெயின்' என்பதில் 'ஃபாஸ்ட்' பெயரடை. 'தி டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் அதுவே வினையடை. உண்ணாமல் விரதம் இருப்பதைச் சொல்லும்போது அதுவே வினைச்சொல். ஆகவே 'இது பெயரடையா?' என்று யாராவது கேட்டால், 'வாக்கியத்தைச் சொல்லுங்கள்' என்பதுதான் சரியான பதில்.

பழைய இலக்கணப் புத்தகத்தில் 'மை', 'திஸ்', 'ஸம்', 'எவ்ரி' எல்லாம் பெயரடை என்று இருக்கிறது. புதிய புத்தகத்தில் 'டிட்டர்மினர்' என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் வகைப்படுத்தும் முறைகளே. ஆனால் புதிய முறைக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. பெயரடைகளை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். 'மை', 'திஸ்', 'எ', 'தி' போன்றவற்றில் ஒரு பெயருக்கு ஒன்றுதான் நிற்க முடியும். தமிழில் 'என்னுடைய இந்தப் புத்தகம்' என்பது இயல்பாக இருப்பதால் 'மை திஸ் புக்' என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதை 'திஸ் புக் ஆஃப் மைன்' என்று மாற்றித்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு பயன்: எண்ணக்கூடிய ஒருமைப் பெயர் ஒன்று வந்தால் அதற்கு முன் இவ்வகைச் சொல் ஒன்று கட்டாயம் வேண்டும், பெயரடை அந்த இடத்தை நிரப்பாது. 'ஐ பாட் நியூ ஃபோன்' என்பதில் 'நியூ' இருந்தாலும் 'எ' இல்லாத குறை தீரவில்லை. 'ஐ பாட் எ நியூ ஃபோன்' என்பதே முழுமையான வாக்கியம்.

பெயர் பன்மையானால் பெயரடையும் மாறுமா?

மாறாது. 'எ குட் பாய்', 'குட் பாய்ஸ்', 'தே ஆர் குட்' என எங்கும் 'குட்' அப்படியே நிற்கும். 'அவன் நல்லவன், அவர்கள் நல்லவர்கள்' என்று நாம் மாற்றுவதுபோல் அங்கே எதுவும் செய்ய வேண்டியதில்லை. 'திஸ்' என்பது 'தீஸ்' ஆவதும், 'தட்' என்பது 'தோஸ்' ஆவதும் உண்டு. அவை முந்தைய பதிலில் சொன்ன தனி வகை.

பெயருக்கு முன் வரும் அளவுச் சொற்களிலும் இதே விதி ஒளிந்திருக்கிறது. 'தி பாய் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்' என்று பன்மையில் சொல்கிறோம். அதையே பெயருக்கு முன் கொண்டுவந்தால் 'எ ஃபைவ் இயர் ஓல்ட் பாய்' என்று ஒருமையாகிவிடும், எழுத்தில் இடையே சிறு கோடுகளும் வரும். பத்து ரூபாய்த் தாளை 'டென் ருபீஸ் நோட்' என்று சொல்வோர் பலர். 'டென் ருபீ நோட்' என்பதே சரி.

'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதில் 'அழகாக' வினையடைதானே? அப்படியானால் 'ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்லி' ஏன் தவறு?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது. கேட்பவர்களின் தர்க்கத்தில் குறையும் இல்லை. தமிழில் 'ஆக' என்ற ஈறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. 'அவள் அழகாகப் பாடுகிறாள்' என்னும்போது பாடும் விதத்தைச் சொல்கிறது. 'அவள் அழகாக இருக்கிறாள்' என்னும்போது அவளுடைய தன்மையைச் சொல்கிறது. நமக்கு வடிவம் ஒன்றே. ஆங்கிலமோ இந்த இரண்டையும் கண்டிப்பாகப் பிரிக்கிறது: பாடும் விதத்துக்கு 'ஷி ஸிங்ஸ் பியூட்டிஃபுல்லி', தன்மைக்கு 'ஷி இஸ் பியூட்டிஃபுல்'.

'இஸ்', 'வாஸ்' போன்றவை மட்டுமல்லாமல் 'ஸீம்', 'பிகம்', 'லுக்', 'ஃபீல்', 'ஸவுண்ட்', 'டேஸ்ட்', 'ஸ்மெல்' ஆகியவையும் எழுவாயை அதன் தன்மையோடு இணைக்கும் வினைகளாக வரக்கூடும். ஐயம் வந்தால் வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இஸ்' அல்லது 'வாஸ்' வைத்துப் பாருங்கள். பொருள் பெரிதும் மாறாமல் நின்றால் அங்கே பெயரடைதான் வர வேண்டும். 'தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட்' என்பதை 'தி சாம்பார் இஸ் குட்' என்று மாற்றினாலும் நிற்கிறது. 'தி குக் டேஸ்டட் தி சாம்பார் கேர்ஃபுல்லி' என்பதில் அந்த மாற்றத்தைச் செய்யவே முடியாது, ஏனென்றால் அங்கே சமையல்காரர் சுவைத்துப் பார்க்கும் செயலைச் செய்கிறார். அதேபோல் 'ஹி லுக்ட் ஆங்ரி' என்றால் அவர் கோபமாகக் காணப்பட்டார் என்று பொருள். 'ஹி லுக்ட் ஆங்ரிலி அட் தி கண்டக்டர்' என்றால் நடத்துநரைக் கோபத்தோடு பார்த்தார் என்று பொருள்.

வருத்தத்தைச் சொல்ல 'ஐ ஃபீல் பேட்' என்பதே போதும். 'பேட்லி' என்று திருத்திக்கொள்ளத் தேவையில்லை. 'வெல்' என்ற சொல் மட்டும் சற்றே குழப்பும்: பெரும்பாலும் வினையடையாக வரும் அது, 'ஷி இஸ் வெல்' என்னும்போது உடல்நலத்தோடு இருப்பதைக் குறிக்கும் பெயரடையாகிவிடுகிறது.

'லி' என்று முடிந்தால் அது வினையடை என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. பெயரடையோடு 'லி' சேர்ந்தால் பெரும்பாலும் வினையடை கிடைக்கும்: 'ஸ்லோ', 'ஸ்லோலி'. பெயர்ச்சொல்லோடு 'லி' சேர்ந்தால் கிடைப்பது பெரும்பாலும் பெயரடை: 'ஃப்ரெண்ட்லி', 'கவர்ட்லி', 'மதர்லி'. அதனால் 'ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி' என்று சொல்ல முடியாது. 'ஹி ஸ்போக் இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றிவர வேண்டும்.

'ஹார்ட்' என்ற சொல் இரண்டு வேலைக்கும் மாறாமல் வரும். 'ஹார்ட்லி' என்பதோ 'அரிதாகவே' என்ற பொருளுடைய வேறு சொல். சம்பள உயர்வு கேட்டு எழுதும் கடிதத்தில் 'ஐ ஹார்ட்லி ஒர்க்' என்று எழுதினால், கடிதம் எதிர்பாராத விளைவைத் தரக்கூடும்.

வகுப்பில் 'ஐ ஆம் போரிங்' என்றேன், எல்லாரும் சிரித்தார்கள். ஏன்?

'நான் பிறரைச் சலிப்படையச் செய்பவன்' என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். 'இங்' என்று முடியும் பெயரடை, உணர்ச்சியை உண்டாக்கும் பொருளையோ ஆளையோ குறிக்கும். 'எட்' என்று முடிவது அந்த உணர்ச்சிக்கு ஆளானவரைக் குறிக்கும். படம் 'போரிங்', பார்த்தவர் 'போர்ட்'. கேள்வி 'கன்ஃப்யூஸிங்', மாணவர் 'கன்ஃப்யூஸ்ட்'.

தமிழில் 'எனக்குப் போரடிக்கிறது', 'எனக்குக் குழப்பமாக இருக்கிறது' என்று சொல்கிறோம். ஆள் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்பதால், அவர் காரணமா அனுபவிப்பவரா என்று முடிவு செய்யும் தேவையே எழுவதில்லை. ஆங்கிலத்தில் 'ஐ' எழுவாயாக வந்து நிற்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

'தி மெயின் ரீஸன்' சரி என்கிறீர்கள். 'திஸ் ரீஸன் இஸ் மெயின்' மட்டும் ஏன் கூடாது?

முதல் பதிலில் இரண்டு இடங்களைச் சொன்னேன்: பெயருக்கு முன், வினைக்குப் பின். பெரும்பாலான பெயரடைகள் இரண்டிலும் வரும். சில ஓரிடத்தில் மட்டும் வரும். 'மெயின்', 'மியர்', 'ஃபார்மர்' ஆகியவை பெயருக்கு முன் மட்டுமே வருபவை. 'ஹி இஸ் ஃபார்மர்' என்றால் கேட்பவர் 'விவசாயி' என்றுதான் புரிந்துகொள்வார். காரணத்தின் முக்கியத்துவத்தைச் சொல்ல 'திஸ் இஸ் தி மெயின் ரீஸன்' என்று பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. 'அஸ்லீப்', 'அலைவ்', 'அவேக்', 'அஃப்ரெய்ட்', 'அலோன்' ஆகியவை பொதுவாக வினைக்குப் பின்னரே வரும். 'தி சைல்ட் இஸ் அஸ்லீப்' என்கிறோம். பெயருக்கு முன் வைக்க வேண்டுமானால் 'எ ஸ்லீப்பிங் சைல்ட்'. இதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 'அஸ்லீப்', 'அலைவ்' ஆகியவற்றின் முதலில் உள்ள எழுத்து, பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்ற முன்னிடைச்சொல்லாக ('ப்ரெபொஸிஷன்') இருந்தது. 'உறக்கத்தில்', 'உயிரில்' என்ற தொடர்களே தேய்ந்து ஒரே சொல்லாயின. 'இன் பெட்' என்ற தொடரைப் பெயருக்கு முன் வைக்க முடியாததுபோல் இவற்றையும் வைக்க முடிவதில்லை. 'அலோன்' பிறந்த கதை வேறு: அது 'ஆல்', 'ஒன்' என்ற இரு சொற்கள் ஒட்டியது.

அலுவலகக் கடிதங்களில் 'தி கன்ஸர்ன்ட் ஆபீஸர்' என்றுதான் எப்போதும் எழுதுகிறோம். அது தவறு என்று ஒருவர் திருத்தினார். அவர் சொல்வது சரியா?

சரிதான், ஆனால் முழுக் கதையும் அதுவல்ல. சில பெயரடைகள் பெயருக்கு முன் நின்றால் ஒரு பொருளும், உடனே பின்னால் நின்றால் வேறு பொருளும் தரும். பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கில் 'தி ஆபீஸர் கன்ஸர்ன்ட்' என்பவர் சம்பந்தப்பட்ட அதிகாரி. 'எ கன்ஸர்ன்ட் ஆபீஸர்' என்பவர் கவலையுற்ற அதிகாரி. 'தி மெம்பர்ஸ் ப்ரஸன்ட்' என்றால் கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள்; 'தி ப்ரஸன்ட் மெம்பர்ஸ்' என்றால் இப்போது பதவியில் இருக்கும் உறுப்பினர்கள், அவர்கள் கூட்டத்துக்கு வராமல் வீட்டில் இருந்தாலும்.

இந்திய அலுவலகங்களில் 'கன்ஸர்ன்ட் ஆபீஸர்' என்ற வழக்கு ஆழமாக ஊன்றிவிட்டது. இங்கே அதைப் படிப்பவர் எவரும் அதிகாரியின் மனநிலையைப் பற்றி யோசிப்பதில்லை. ஆகவே உள்ளூர்க் கடிதத்தில் அதை ஒரு பெருங்குற்றமாக நான் கருதமாட்டேன். வெளிநாட்டுக்குப் போகும் கடிதத்திலும் தேர்விலும் 'தி ஆபீஸர் கன்ஸர்ன்ட்' என்றே எழுதுங்கள்.

பெயருக்குப் பின் பெயரடை நிற்கும் வேறு இடங்களும் உண்டு. 'ஸம்திங் ஸ்பெஷல்', 'நத்திங் நியூ' போன்ற தொடர்களில் அது விதி. 'அட்டர்னி ஜெனரல்', 'கோர்ட் மார்ஷல்' போன்ற சட்டச் சொற்களில் அது 1066ஆம் ஆண்டு நார்மன் படையெடுப்புக்குப் பின் இங்கிலாந்தின் சட்ட மன்றங்களில் வழங்கிய பிரெஞ்சின் எச்சம். பிரெஞ்சில் பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னரே வரும். நம் அரசமைப்புச் சட்டத்தின் 76ஆம் உறுப்பு குறிப்பிடும் 'அட்டர்னி ஜெனரல்' பதவிப் பெயரும் இவ்வகையே. அதனால்தான் இதன் பன்மையை எழுதும்போது முதற்சொல்லில் 'எஸ்' சேர்த்து 'அட்டர்னிஸ் ஜெனரல்' என்கிறார்கள்; இங்கே 'ஜெனரல்' பெயரடை, பெயரடை பன்மையாவதில்லை என்று முன்பே பார்த்தோம்.

'தண்ணீர் நிறைந்த வாளி' என்பதை 'எ ஃபுல் ஆஃப் வாட்டர் பக்கெட்' என்று சொல்லலாமா?

கூடாது. தமிழில் பெயரை விளக்கும் எதுவாக இருந்தாலும், எவ்வளவு நீளமாக இருந்தாலும், பெயருக்கு முன் வந்துவிடும்: 'நேற்று மதுரையிலிருந்து பேருந்தில் வந்த பையன்'. ஆங்கிலத்தில் தனிப் பெயரடைதான் முன் நிற்கும். அது தனக்குப் பின்னால் வேறு சொற்களை இழுத்துக்கொண்டு வந்தால் மொத்தமாகப் பெயருக்குப் பின் போய்விட வேண்டும். 'எ ஃபுல் பக்கெட்', ஆனால் 'எ பக்கெட் ஃபுல் ஆஃப் வாட்டர்'. 'எ ப்ரவுட் ஃபாதர்', ஆனால் 'எ ஃபாதர் ப்ரவுட் ஆஃப் ஹிஸ் டாட்டர்'.

இழுத்துக்கொண்டு வரும் முன்னிடைச்சொல்லைப் பெயரடையோடு சேர்த்தே மனத்தில் பதிய வைப்பது நல்லது, ஏனென்றால் அதைத் தமிழ் வேற்றுமை உருபைக் கொண்டு ஊகிக்க முடியாது. 'குட் அட் மேத்ஸ்', 'அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்', 'மேரிட் டு எ டாக்டர்'. கடைசியதில் 'வித்' போடுவது நம்மிடையே மிகப் பரவலான தவறு.

பல பெயரடைகள் சேர்ந்து வந்தால் எதை முதலில் சொல்வது? அட்டவணையை மனப்பாடம் செய்ய முடியவில்லை.

கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பிறப்பிடம், செய்பொருள், பயன் என்பதுதான் பாடப்புத்தகங்கள் தரும் வரிசை. அதை ஒப்பிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேசும் நேரத்தில் யாரும் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. பொருளோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிய தன்மை பெயருக்கு அருகிலும், பார்ப்பவரின் கருத்து பெயரிலிருந்து தொலைவிலும் நிற்கும் என்ற ஒன்றை நினைவில் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்: 'எ பியூட்டிஃபுல் ஓல்ட் ப்ராஸ் லாம்ப்'. நம் காதும் இங்கே உதவும். 'அழகான பழைய பித்தளை விளக்கு' என்றுதான் நாமும் சொல்கிறோம். 'பித்தளைப் பழைய அழகான விளக்கு' என்பது நமக்கும் உறுத்துகிறது.

நடைமுறையில் மூன்றுக்கு மேல் அடுக்காமல் இருப்பது நல்லது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு வந்தால், 'எ லாங், டயரிங் டே' என்பதுபோல் காற்புள்ளி இடுங்கள். இடையே 'அண்ட்' வைத்தாலும் பொருந்தினால் அங்கே காற்புள்ளிக்கு இடம் உண்டு.

எங்கே 'இஆர்' சேர்ப்பது, எங்கே 'மோர்' சேர்ப்பது? 'மோர் பெட்டர்' என்று பலரும் சொல்கிறார்களே?

ஓரசைச் சொற்களுக்கும், 'ஹாப்பி' போல் 'ஒய்' எழுத்தில் முடியும் ஈரசைச் சொற்களுக்கும் 'இஆர்', 'இஎஸ்டி' சேரும்: உயரத்தைச் சொல்லும் 'டால்' என்பது 'டாலர்' ஆகும், 'ஹாப்பி' என்பது 'ஹாப்பியஸ்ட்' ஆகும். மூன்றசையும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 'மோர்', 'மோஸ்ட்'. 'க்ளெவர்', 'நேரோ' போன்ற ஈரசைச் சொற்களில் இரண்டும் செல்லும். 'போர்ட்', 'டயர்ட்' போன்றவை ஓரசையாக ஒலித்தாலும் 'மோர்' சேர்த்தே சொல்லப்படுகின்றன. ஒருவரிடமுள்ள இரண்டு தன்மைகளையே ஒப்பிட்டால் சொல் எவ்வளவு சிறிதாயினும் 'மோர்' வரும்: 'ஹி இஸ் மோர் லக்கி தேன் க்ளெவர்'.

'மோர் பெட்டர்' இன்றைய ஆங்கிலத்தில் தவறு. இரட்டை ஒப்பீடு ஷேக்ஸ்பியர் காலத்தில் இயல்பாகவே வழங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர்கள்தாம் அதை முனைந்து ஒதுக்கினர். அழுத்தம் வேண்டுமானால் 'மச் பெட்டர்' என்று சொல்லுங்கள். தமிழில் 'மதுரையைவிடச் சென்னை பெரியது' என்னும்போது 'பெரியது' மாறுவதில்லை; ஒப்பீட்டை 'விட' என்பதே சுமக்கிறது. அதனால் 'சென்னை இஸ் பிக் தேன் மதுரை' என்ற எதிர்ப்பக்கத் தவறும் கேட்கக் கிடைக்கிறது.

'ஹி இஸ் சீனியர் தேன் மீ' என்பதைத் திருத்துகிறார்கள். ஒப்பீடு என்றால் 'தேன்' வர வேண்டாமா? 'எல்டர்', 'ஓல்டர்' இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

'சீனியர்', 'ஜூனியர்', 'சுபீரியர்', 'இன்ஃபீரியர்' ஆகியவை லத்தீனில் ஏற்கெனவே ஒப்பீட்டு வடிவங்களாக இருந்தவை. ஆங்கிலத்தில் அவை 'டு' என்பதோடு சேரும்: 'ஹி இஸ் டூ இயர்ஸ் சீனியர் டு மீ'. அவற்றின் முன் 'மோர்' சேர்த்து ஒப்பிடுவதும் வழக்கமில்லை.

'எல்டர்' என்பது குடும்பத்தாரைப் பற்றிப் பேசும்போது, பெயருக்கு முன் வரும்: 'மை எல்டர் பிரதர்'. 'தேன்' வந்தால் 'ஓல்டர்' மட்டுமே: 'மை பிரதர் இஸ் ஓல்டர் தேன் மீ'.

'ஒன் ஆஃப் தி பெஸ்ட்' என்பதற்குப் பின் ஒருமையா பன்மையா?

பன்மை. பலவற்றுள் ஒன்று என்பதால் 'ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஃபிலிம்ஸ்'. ஆனால் அத்தொடர் எழுவாயாக வந்தால், அதன் வினை 'ஒன்' என்பதற்கு ஏற்ப ஒருமையில் நிற்கும். இதே தர்க்கத்தால் 'சென்னை இஸ் பிகர் தேன் எனி சிட்டி இன் தமிழ்நாடு' என்பதும் பிழைபடுகிறது. சென்னையும் தமிழ்நாட்டு நகரமே என்பதால் 'எனி அதர் சிட்டி' என்று அதை விலக்கிச் சொல்ல வேண்டும்.

'வெரி டெலிஷியஸ்', 'வெரி யூனிக்' என்று சொல்லக்கூடாதாமே? 'டூ குட்' என்று பாராட்டலாமா?

'ஹ்யூஜ்', 'டெலிஷியஸ்', 'எக்ஸலன்ட்' ஆகியவற்றுக்குள்ளேயே 'மிக' என்ற பொருள் அடங்கியிருப்பதால் அவற்றுக்கு 'வெரி' ஒட்டுவதில்லை, 'அப்ஸல்யூட்லி' ஒட்டும். 'யூனிக்', 'பெர்ஃபெக்ட்' ஆகியவற்றுக்கு அளவே கிடையாது என்பது கண்டிப்பானவர்களின் வாதம். இருந்தும், 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முகவுரையிலேயே 'மோர் பெர்ஃபெக்ட் யூனியன்' என்ற தொடர் இருக்கிறது. தேர்வில் விதியைப் பின்பற்றுங்கள். பிறர் எழுத்தில் கண்டால் சண்டைக்குப் போகாதீர்கள்.

'டூ' என்பது அளவு மீறியதைச் சொல்லும்: 'தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்'. பாராட்டாக 'டூ குட்' என்பது பேச்சில் செல்லும், எழுத்தில் 'வெரி குட்' போதும்.

'தி புவர்' என்றால் ஏழைகள். அப்படியானால் ஓர் ஏழையை 'எ புவர்' எனலாமா?

முடியாது. 'தி' சேர்ந்த பெயரடை, அத்தன்மை உடைய மக்கள் அனைவரையும் குறிக்கும். 'தி புவர் ஆர்' என்று பன்மை வினையே கொள்ளும், ஆனால் 'தி புவர்ஸ்' ஆகாது. தனி ஒருவரைச் சொல்ல 'எ புவர் மேன்', 'எ புவர் உமன்' என்று பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும். தமிழில் 'ஏழை' தானே பெயராக நிற்பதால் இந்தத் தேவை நமக்குத் தெரிவதில்லை.

நீதிமன்றச் செய்திகளைப் படிப்பவர்கள் உடனே ஒரு மறுப்பு சொல்வார்கள், அது நியாயமானது. 'தி அக்யூஸ்ட்', 'தி டிஸீஸ்ட்' ஆகிய இரண்டும் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும். 'தி அக்யூஸ்ட் வாஸ் ரிமாண்டட்' என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவர். 'தி அக்யூஸ்ட் வேர் ரிமாண்டட்' என்றால் பலர். எத்தனை பேர் என்பதை அங்கே வினைச்சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.